பாம்புக்கு எதுகை மாம்பழம்

மாம்பழத்துக்கு ஓசையொத்த சொல் வேண்டும் என்றால் இன்று பாட்டெழுதுகிற பலர் முதலில் நீட்டுவது வளம், குளம், களம், தளம் என்ற வரிசையை. ழகரத்தையும் ளகரத்தையும் ஒரே இடத்தில் உருட்டிவிடும் நாக்குக்கு இதில் குறை தெரியாது. கவியரங்க மேடையில் கைதட்டலும் விழும். உச்சரிப்புப் பிழை எப்போது ஓசைநயமாகப் பதவி உயர்வு பெற்றது என்ற கேள்வியை இப்போதைக்கு விட்டுவிடலாம். ழகரம் பிசகாதவர்களுக்கு முழம் இருக்கிறது, ஆழம் இருக்கிறது, ஈழமும் இருக்கிறது. அதற்குமேல் வண்டி அதிக தூரம் போகாது. தமிழின் சொல்வளத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, தேடிய இடம்தான் தவறு. மாம்பழம், பலாப்பழம், வாழைப்பழம், கொய்யாப்பழம், சீத்தாப்பழம் எல்லாவற்றுக்கும் வால் ஒன்றுதான். வாலில் தேடினால் எல்லாப் பழமும் ஒரே பழம். மாவை மாவாகவும் வாழையை வாழையாகவும் காட்டுவது சொல்லின் தலைப்பக்கம்; நம் யாப்பு காதை வைத்ததும் அங்கேதான். ஒரு கனியின் பெயருக்கு எதுகை தேடும்போதே அந்தக் கனியைப் பற்றி என்ன சொல்லப்போகிறோம் என்பதில் பாதி முடிவாகிவிடுகிறது. தலையை விட்டு வாலைப் பிடித்தவர்கள் அந்தப் பாதியைக் கைநழுவ விட்டிருக்கிறார்கள் என்பது நம் கட்சி.

முதலெழுத்து குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், படித்ததோடு சரி. அந்த இரண்டாம் எழுத்தின்மேல் தமிழ்ப் புலமை எவ்வளவு கவனம் வைத்திருந்தது என்பதற்கு நிகண்டுகளும் அகராதிகளுமே சாட்சி. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில், ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களைச் சொல்லும் பதினோராம் தொகுதி ககர எதுகை, ஙகர எதுகை என்று இரண்டாம் எழுத்தின் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது. இன்றைய கண்ணுக்கு அது விசித்திரம். முதலெழுத்தைப் பார்த்துப் புரட்டுகிற நாம் அதில் ஒரு சொல்லைக் கண்டுபிடிப்பதற்குள் மூச்சு வாங்கும். ஆனால் மனப்பாடம் செய்து, செய்யுள் கட்டுகிறபோது நினைவிலிருந்து உருவ வேண்டியவனுக்கு அதைவிட வசதியான அடுக்கு வேறில்லை. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தபோது பெயர், பொருள், தொகை என்ற மூன்று பகுதிகளோடு நிறுத்தவில்லை. நான்காவதாகத் தொடையகராதி என்று ஒன்றைச் சேர்த்தார். எதுகைச் சொல் தேடுகிறவனுக்கான பகுதி அது. அவர் பிறந்த இத்தாலியிலோ தாந்தே காலம் தொட்டு அடியின் கடைசியில்தான் ஒலியைக் கட்டுவார்கள். தம் ஊர்க் காதை ஊரிலேயே விட்டுவிட்டு வந்து அவர் தமிழின் இரண்டாம் எழுத்தை அடுக்கினார். இங்கேயே பிறந்தவர்கள் அவர் விட்டுவந்த காதை எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மாம்பழத்துக்கே திரும்பி, அதன் இரண்டாம் எழுத்தில் விரலை வைப்போம். மகர ஒற்று. பாம்பு, காம்பு, வேம்பு, தாம்பு, சாம்பல், ஆம்பல், பாம்படம் என்று வந்து நிற்பவை பெரும்பாலும் பொருள்கள். கையால் தொடலாம், ஒன்றிரண்டைத் தொடாமலிருப்பது நல்லது. தேம்பு, கூம்பு என்று வினைகளும் உண்டு, ஆனால் குறைவு. அதே பழத்தை மாங்கனி என்று சொல்லிப் பார்த்தால் இரண்டாம் எழுத்து ஙகர ஒற்றாகிறது. ஏங்கு, தூங்கு, தேங்கு, தாங்கு, நீங்கு, ஓங்கு, வாங்கு என்று வினைகள் கும்பலாக வந்துவிடுகின்றன. ஒரே மரத்துப் பழம்தான். மாம்பழம் என்றால் தோப்பு கண்ணுக்குத் தெரிகிறது: காம்பு, பக்கத்தில் வேம்பு, வேரடியில் பாம்பு. மாங்கனி என்றால் தோப்பில் என்ன நடந்தது என்று தெரிகிறது: கிளையில் தூங்கியது, யாரோ ஏங்கியது, கடைசியில் யாரோ வாங்கிப் போனது. பழம், கனி இரண்டும் ஒரே பொருள் என்று நிகண்டு சொல்லலாம். எழுதுகிறவன் அப்படி இருந்துவிட முடியாது. முதல் அடியில் எந்தப் பெயரை வைத்தானோ அது இரண்டாம் அடிக்கு ஆள் அனுப்பிவிடுகிறது. நம் கரையிலிருந்து போர்த்துகீசியர் வாயில் ஏறிப் போன மாங்காய், மலையாளத்தின் மாங்ங, ஆங்கிலத்தில் மேங்கோ ஆயிற்று. அங்கே அதன் ஓசைத்துணைகள் வாலில் கிடைப்பவை: டேங்கோ, ஃபண்டாங்கோ. இரண்டும் நடனங்களின் பெயர். கடல் தாண்டியதும் நம் மாங்காய் ஏக்கத்தை விட்டு ஆட ஆரம்பித்துவிட்டது!

கனிக்கும் யாப்புக்கும் உள்ள உறவு எதுகைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்ற ஈரசை வாய்பாடுகளும், அவற்றோடு காயும் கனியும் சேர்ந்த மூவசை வாய்பாடுகளும் மரங்களின் பெயர்கள். தமிழ்க் கவிதை தன் அளவுகோலைத் தோப்பில்தான் வெட்டிக்கொண்டிருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெண்பா காய்ச்சீரை ஏற்கும், கனிச்சீரை ஏற்காது. வாழைப்பழம் என்ற சொல்லை அலகிட்டுப் பார்த்தால் வா, ழைப், பழம்: நேர், நேர், நிரை. அப்பட்டமான தேமாங்கனி. ஒரே சீராக அதை வெண்பாவுக்குள் கொண்டுவர வழியில்லை. பிரித்தால் வழி உண்டு. வாழைப் என்பது தேமா. பழம் என்பது வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு விதித்த நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் மலர். ஆகவே வாழைப்பழத்துக்கு வெண்பாவில் வாகான இடம் பாட்டின் கடைசி. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சிலேடையாகக் காளமேகம் பாடிய வெண்பா முடிவது அங்கேதான். அந்த வெண்பாவின் எதுகைகளைப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். முதல் பாதி நஞ்சு, வெஞ்சினம், விஞ்சு என்று ஞகர ஒற்றில் ஓடுகிறது. பின்பாதி தேம், பாம்பு என்று மகர ஒற்றில். எதுகை முழுக்க நஞ்சுக்கும் பாம்புக்கும் போய்விட்டது. வாழைக்கு ஒரு எதுகைகூட இல்லை. ஏழை, தாழை, கோழை, பேழை என்று அதற்கு உறவுக்காரர்கள் ஏராளம். தலையும் வாலும் சேர்ந்தே ஒத்துப்போகிறவர்கள். வாழையையும் ஏழையையும் சேர்த்துக் கட்டி இரக்கம் வரவழைப்பது இன்றைய மேடைகளில் தினசரி நடக்கிறது. காளமேகம் அந்தப் பக்கமே போகவில்லை.

நமக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இது. பாம்புக்கு எதுகை மாம்பழம். காது மட்டும் தீர்மானித்திருந்தால் அந்த வெண்பாவில் பாம்போடு ஜோடி சேர்ந்திருக்க வேண்டிய பழம் மாம்பழம்தான். சேரவில்லை. பாம்பு தோலுரிக்கிறது; வாழைப்பழத்தையும் தோலுரித்தே தின்கிறோம். கனிந்த வாழைப்பழம் நைந்துபோகிறது, அந்த நைதலிலிருந்துதான் அவருக்கு நஞ்சு கிடைத்தது. மாம்பழத்தில் இந்த இரண்டும் நடக்காது. அதனால் பொருள் பழத்தைத் தேர்ந்தெடுத்தது. ஓசை அந்தப் பழத்தைச் சுற்றி வேலை செய்தது, எதுகை கேட்காத ஈற்றில் அதைக் கொண்டுபோய் வைத்தது. எதுகைக்காகப் பொருளை வளைப்பது என்று நாம் ஏளனமாகச் சொல்கிற காரியத்தின் நேர் எதிர்முனை இது. வளைக்காமலிருக்க அவருக்கு எதுகை தெரியாமலிருக்க வேண்டியிருக்கவில்லை. நன்றாகத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

இந்த மண்ணுக்குப் பின்னால் வந்த பழங்கள் வேறு ஒரு சாட்சியம் தருகின்றன. கொய்யா, பப்பாளி, அன்னாசி, சப்போட்டா எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பிறப்பு. அன்னாசியின் பெயர் தென்னமெரிக்கப் பழங்குடி மொழியிலிருந்து போர்த்துகீசியம் வழியாக வந்தது. சப்போட்டாவின் பெயருக்கு வேர் மெக்சிகோவின் நாவாத்ல் மொழியில். தமிழ் நாக்கு இவற்றை வாங்கி வைத்துக்கொண்ட விதத்தைப் பாருங்கள். அன்னாசி, பப்பாளி, சப்போட்டா மூன்றையும் அலகிட்டால் மூன்றும் தேமாங்காய். கொய்யா தேமா. எங்கிருந்தோ வந்த பழங்கள் நம் யாப்பில் மாமரத்தில் ஏறிக்கொண்டன. கொய்யாவின் கதை இன்னும் சுவையானது. போர்த்துகீசியரின் கொயாபா தமிழுக்கு வந்ததும் நடுவில் யகர ஒற்று இரட்டித்தது. இரட்டித்த அந்த நொடியில், கொய்தல் என்ற நம் வினையின் எதிர்மறையாகிவிட்டது: பறிக்கப்படாதது. பொய்யா, செய்யா, பெய்யா, எய்யா என்ற குடும்பத்தில் கொய்யாவும் ஒரு பிள்ளை. பெருஞ்சித்திரனார் தம் காவியத்துக்குக் கொய்யாக்கனி என்று பெயர் வைத்தபோது அது எந்த நாட்டுச் சொல் என்று யார் கேட்கப்போகிறார்கள்? பப்பாளிக்குக் கிடைக்கும் எதுகைகளில் கப்பலும் ஒன்று. அந்தப் பழம் வந்ததே கப்பலில் என்பது மொழி செய்த ஏற்பாடல்ல, தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயல் இரண்டாம் எழுத்தில் தேடுகிறவன் கண்ணில் மட்டும் படும். வாலில் தேடுகிறவனுக்குக் கிடைப்பது காளி, கூட்டாளி, அறிவாளி.

இனி மறுப்புகள். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ வழியாக வேர்பிடித்த புதுக்கவிதையின் வாரிசு என்று சொல்லிக்கொள்கிற சிற்றிதழ், எதுகையைப் பற்றித் தலையங்கம் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அந்தத் தலைமுறை உதறியது எதுகையின் சர்வாதிகாரத்தை; கூடவே காதையும் கழற்றி வைத்துவிட வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. யாப்பு கட்டாயமாக இருந்தபோது எதுகை தெரிந்திருப்பது ஒரு தேர்ச்சி, அவ்வளவுதான். கட்டாயம் போனபின் அது தேர்வு. எங்கே ஒலியைச் சேர்ப்பது, எங்கே அறுப்பது என்பதற்கு இன்று பொறுப்பு முழுக்க எழுதுகிறவன் தலையில். கட்டற்ற கவிதை எழுதுகிறவனுக்குத்தான் இந்தப் படிப்பு கூடுதலாகத் தேவை.

இன்னொரு மறுப்பு கனமானது. ஈற்றொலி ஒன்றும் அந்நியச் சரக்கல்ல. தொல்காப்பியமே இயைபைத் தொடைகளில் ஒன்றாகச் சொல்கிறதே என்பார்கள். உண்மை. இயைபை விலக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தமிழ் ஒட்டுமொழி. வந்தான், தின்றான், போனான் என்று விகுதிகளே வரிசையாக வந்து ஈற்றொலியை இலவசமாகக் கொடுத்துவிடும். சொல்லின் வேர் தலையில், இலக்கணம் வாலில். வாலில் ஒத்துப்போவது பெரும்பாலும் இலக்கணம் ஒத்துப்போவது. தலையில் ஒத்துப்போனால் இரண்டு வேர்கள் முட்டிக்கொள்கின்றன, பொறி அங்கே பறக்கிறது. விதிவிலக்கு பலா. இரண்டே எழுத்து என்பதால் தலைக்கும் வாலுக்கும் நடுவே இடமில்லை. நிலா, உலா, விலா என எந்தப் பக்கம் தேடினாலும் ஒரே சொற்கள் வருகின்றன. குழந்தைப் பாட்டெழுத உட்காருகிறவர்கள் பலாவோடு நிலாவைக் கட்டிப்போடுவது அதனால்தான். மெட்டுக்கு எழுதும்போது தாளம் அடியின் கடைசியில் விழுகிறது, அங்கேதான் ஒலி வேண்டும் என்று பாடலாசிரியர்கள் சொல்லலாம். மேல்நாட்டுச் சாயல் மெட்டுகளுக்கு அது பொருந்தும். கர்நாடக இசையில் தியாகராஜரின் தெலுங்குக் கிருதிகள்கூட இரண்டாம் எழுத்து ஒப்புமையைப் பேணுபவைதாம். தெலுங்கும் கன்னடமும் நம்மைப் போலவே அந்த எழுத்தில் காது வைத்த மொழிகள்.

எதுகையை எங்கே அறுப்பது என்பதற்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய பாடங்களில் ஒன்று ஒரு பலாப்பழத்தில் தொங்குகிறது. குறுந்தொகையின் பதினெட்டாம் பாட்டு, கபிலர் பாடியது, மொத்தம் ஐந்து அடி. முதல் மூன்று அடிகளின் தொடக்கத்தில் வேரல், சாரல், யார் என்று ரகரம் இரண்டாம் எழுத்தாக வந்து பிடித்துக்கொள்கிறது. தலைவனுடைய மலையில் பலா வேரிலேயே காய்த்துக் கிடக்கிறது, சுற்றிலும் மூங்கில் வேலி. அந்த வேலிக்கும் மலைச்சரிவுக்கும் எதுகை அமைந்திருக்கிறது. நான்காம் அடியில் பேச்சு தலைவியின் பக்கம் திரும்புகிறது. மெல்லிய கொம்பில் கனத்த பழம். அந்த அடியில் எதுகை இல்லை, அடுத்ததிலும் இல்லை. பலா என்ற பெயரும் இங்கே வரவில்லை, வெறும் பழம்தான். மூன்று அடிவரை வேலி போட்டு வந்த ஓசை, அந்தச் சிறு கொம்பு தொடங்குகிற இடத்தில் நின்றுவிடுகிறது.