187-ஆம் இடத்து இசைத்தட்டு



தோட்டத்துத் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். "ஐயா, என் மூத்த மகன் வேலை விட்டு வந்ததும் ஆங்கிலப் பாட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். ஒரே கிட்டார் சத்தம். பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். இதெல்லாம் ஒரு பாட்டா? நீங்கள்தான் அவனுக்குப் புத்தி சொல்லவேண்டும்" என்று கேட்கிறார்.

அம்மா, புத்தி சொல்வது இருக்கட்டும். முதலில் உங்களுக்கு ஓர் இசைத்தட்டின் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அமெரிக்காவில் சிகாகோ என்றொரு நகரம். அங்கே 1978-இல் 'சர்வைவர்' என்ற இசைக்குழு பிறந்தது. 'தப்பிப் பிழைத்தவன்' என்பது அந்தப் பெயரின் பொருள். ஜிம் பீட்டரிக், ஃபிராங்கி சல்லிவன் என்ற இருவரும் சேர்ந்து பாட்டுக் கட்டுவார்கள். நாலு வருடம் பாடியும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் நடிகர் சில்வெஸ்டர் ஸ்டாலோன், பீட்டரிக்கின் தொலைபேசிக் கருவியில் ஒரு செய்தி பதிந்து வைத்தார். தமது 'ராக்கி' குத்துச்சண்டைப் படத்தின் மூன்றாம் பாகத்துக்குப் பாட்டு வேண்டும் என்றார். முதலில் வேறொரு புகழ்பெற்ற குழுவின் பாட்டைத்தான் அவர் வைத்துப் பார்த்தார். அதற்கு அனுமதி கிடைக்காமல் போனதால் இவர்களுக்கு வாசல் திறந்தது. அப்படிப் பிறந்ததுதான் 'ஐ ஆஃப் த டைகர்'. ஆறு வாரம் அமெரிக்காவில் முதலிடம்! உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள், அவருக்கும் தெரிந்திருக்கும்.

மேட்டில் ஏறியவுடன் சறுக்கல் வந்தது. பாடகர் டேவ் பிக்லருக்குத் தொண்டையில் கோளாறு. குரல் நாளம் பாதிக்கப்பட்டுவிட்டது. 1983-இல் அவர் விலகினார். மெம்ஃபிஸ் நகரத்து ஜிமி ஜேமிசன் அந்த இடத்துக்கு வந்தார். புதுக் குரலோடு 1984-இல் வந்த இசைத்தட்டில் 'த சர்ச் இஸ் ஓவர்' என்ற பாட்டு நான்காம் இடம் பிடித்தது. 'ராக்கி' நாலாம் பாகத்துக்குப் பாடிய 'பர்னிங் ஹார்ட்' 1986-இல் இரண்டாம் இடம்வரை போனது.

இனித்தான் நான் சொல்ல வந்த இசைத்தட்டு. பெயர் 'டூ ஹாட் டு ஸ்லீப்'. 'தூங்க விடாத வெக்கை' என்று சொல்லலாம். தகரக் கூரையின் கீழே படுத்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை! வந்த ஆண்டு 1988. அதற்குள் டிரம் வாசித்தவரும் பேஸ் கிட்டார் வாசித்தவரும் பிரிந்து போயிருந்தார்கள். எஞ்சியவர்கள் மூன்று பேர். பிரயன் ஆடம்ஸுக்கு டிரம் வாசித்த மிக்கி கரியையும், பேஸ் கிட்டாருக்கு பில் சைனியரையும் கூட்டிவைத்துப் பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள்.

இந்த வகை இசைக்கு 'மெலோடிக் ராக்' என்று பெயர். கிட்டார் உறுமும், டிரம் இடிக்கும். ஆனாலும் மெட்டுத்தான் எசமான். சரணம் அடக்கமாகத் தொடங்கும். பல்லவி வரும்போது குரல் மேலே ஏறி நெஞ்சைத் தொடும். இந்தத் தட்டில் 'டெஸ்பரேட் டிரீம்ஸ்' என்ற பாட்டைக் கேட்டால் நான் சொல்வது விளங்கும். 'அக்ராஸ் த மைல்ஸ்' என்பது மென்மையான பாட்டு. தூரத்தில் இருக்கும் அன்பானவரை நினைத்துப் பாடுவது. கடைசிப் பாட்டு 'பர்னிங் பிரிட்ஜஸ்'. திரும்பிவர முடியாதபடி பாலத்தை எரித்துவிடும் மனிதனின் மனநிலை அதில் இருக்கிறது. ஜேமிசன் குரல் அங்கே கத்தவில்லை, கலங்குகிறது.

இவ்வளவு இருந்தும் என்ன நடந்தது? 200 இசைத்தட்டுகள் கொண்ட அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இது 187-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. தனியாக வெளியிட்ட 'டிட்ன்ட் நோ இட் வாஸ் லவ்' 61-ஆம் இடம். 'அக்ராஸ் த மைல்ஸ்' 74-ஆம் இடம். அந்த வருடங்களில் இளைஞர்களின் காது இன்னும் முரட்டுத்தனமான ராக் இசையின் பக்கம் திரும்பியிருந்தது. சிறிது காலத்தில் குழுவும் ஓய்ந்துபோனது. பிற்பாடு மறுபடி கூடினார்கள், பிரிந்தார்கள். ஜேமிசன் 2014-இல், 63-ஆம் வயதில், காலமானார்.

அம்மா, உங்களுக்குத் தெரியாததா? மழை பெய்த நாளில் பால் நிறுத்துப் பார்த்தால் எடை குறைவாகத்தான் இருக்கும். அதற்காக வெட்டியவர் கைக்குத் தொழில் தெரியாது என்று சொல்வோமா? மரம் அதே மரம், கத்தி அதே கத்தி, கையும் அதே கை. வானம் மாறிவிட்டது, அவ்வளவுதான். ஆறு வாரம் முதலிடத்தில் இருந்த அதே பீட்டரிக்கும் சல்லிவனும்தான் 187-ஆம் இடத்துப் பாட்டுகளையும் கட்டினார்கள். தராசு சொன்னதை மட்டும் கேட்டிருந்தால், இந்தப் பத்துப் பாட்டையும் யாரும் தொட்டிருக்கமாட்டோம்.

உங்கள் மகனையும் அப்படி வெளிச்சத்தத்தை வைத்து எடை போடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையல் முடிந்த பிறகு, அவன் பக்கத்தில் உட்காருங்கள். "தம்பி, இதில் உனக்குப் பிடித்தது எது? எனக்கு அர்த்தம் சொல்" என்று கேளுங்கள். மகன் அம்மாவுக்குப் பாடம் சொல்லும் நாள் வீட்டுக்கு நல்ல நாள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள், தப்பில்லை. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தம்பி, உனக்கும் ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டு அண்ணன் விடிவதற்குள் வேலைக்கு எழ வேண்டியவர். இரவு பத்து மணிக்குமேல் காதில் மாட்டிக்கொண்டு கேள். நல்ல பாட்டு அடுத்தவர் தூக்கத்தைக் கெடுத்தால், திட்டு உனக்கு மட்டும் விழாது, பாட்டுக்கும் விழும்.

அம்மா, கேட்ட பிறகு மறக்காமல் இன்னொரு கடிதம் எழுதுங்கள். காத்திருக்கிறேன். மீண்டும் சந்திப்போம்.