குதிரைக்குப் பட்டா

'குதிரை வளர்ப்போர்' என்ற சொல் எங்கே கண்ணில் பட்டாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. காலனிய காலத்து அறிக்கைகளில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: பெட்டைக் குதிரைக்குச் சொந்தக்காரன். காலை நாலு மணிக்கு எழுந்து லாயத்தில் சாணி அள்ளியவன், கொள்ளு ஊறவைத்தவன், உடம்பு தேய்த்துவிட்டவன், குட்டி போடுகிற ராத்திரி முழுக்கக் கண் விழித்து உட்கார்ந்திருந்தவன் எவனும் அந்தக் கணக்கில் வரமாட்டான். அவன் வேலையாள். வளர்த்தது அவன், 'வளர்ப்போர்' வேற ஆள். இந்தச் சொல்லைப் பின்னால் வந்த நம்ம வரலாற்றாசிரியர்களும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

சங்கதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கும்பினிப் படைக்குக் குதிரை வேண்டும். நல்ல குதிரை வேண்டும் என்றால் நல்ல பொலிகுதிரை வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பீகாரில் பூசா என்ற இடத்தில் பண்ணை வைத்தார்கள். 1808இல் வில்லியம் மூர்கிராஃப்ட் என்ற கால்நடை மருத்துவர் அதன் தலைமைக்கு வந்தார். அவருக்குப் பொலிகுதிரை மேல் இருந்த வெறி சாதாரணமானதில்லை. 1819இல் கிளம்பி, லடாக், காஷ்மீர், காபூல் என்று அலைந்து, 1825இல் புகாராவையே எட்டிப் பிடித்தார். அங்கே அவர் தேடிப் போன அளவுக்குக் குதிரை கிடைக்கவில்லை. திரும்புகிற வழியில் அதே ஆண்டு செத்தும் போனார். ஒரு விலங்கின் வித்துக்காக ஆறு வருஷம் ஒரு அதிகாரி ஆசியாவையே சுற்றினார் என்று இன்றைக்கும் வியந்து எழுதுகிறார்கள். அவரோடு நடந்துபோய் அந்தக் குதிரைகளைக் கட்டி அவிழ்த்தவர்களைப் பற்றி வியக்க யாருக்கும் தோன்றவில்லை.

1870களில் பழைய பண்ணைத் துறையைக் கலைத்துவிட்டு, ஹாலன் என்ற அதிகாரியின் கீழ் வேறு ஏற்பாடு செய்தார்கள். அரசாங்கமே பொலிகுதிரைகளை வாங்கும். ஆங்கிலேய உயர்சாதிக் குதிரை, அரபுக் குதிரை, நார்ஃபோக் வகை, கோவேறு கழுதைக்காகப் பொலிகழுதை. அவற்றை மாவட்டம் மாவட்டமாக நிறுத்தி வைக்கும். ஊரில் பெட்டைக் குதிரை வைத்திருப்பவன் கொண்டுவந்து காட்டினால், அதிகாரி பார்த்துத் தேறியது என்று சூடு போடுவார். சூடு போட்ட பெட்டைக்குச் சேர்க்கை இலவசம். காசு கேட்கமாட்டார்கள். வரி கட்டுகிற ஏழை சனத்தின் பணத்தில் வாங்கிய குதிரை, குதிரை வைத்திருக்கிற வசதிக்காரன் வீட்டுப் பெட்டைக்குச் சும்மா வந்து பொலி போடும். இதற்குப் பெயர் விவசாய மேம்பாடு.

பொலி போடுகிற இடத்தை நேரில் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். விலையுயர்ந்த பொலிகுதிரையை எடுத்த எடுப்பில் பெட்டைப் பக்கம் விடமாட்டார்கள். பெட்டை பருவத்தில் இருக்கிறதா, இல்லை உதைக்குமா என்று பார்க்க ஒரு மட்டமான ஆண்குதிரையை முதலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். உதை விழுந்தால் அதற்கு விழும். பெட்டை இணங்கிவிட்டால் அதை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அப்புறம்தான் பெரிய இடத்துக் குதிரை வரும். அந்தச் சோதனைக் குதிரையின் பெயர் எந்த வம்சாவளிப் பதிவிலும் ஏறாது. அதன் கயிற்றைப் பிடித்திருந்தவன் பெயரும் ஏறாது. பெட்டையின் பின்னங்காலைக் கட்டிப் பிடிப்பவனும் அதே ஆள்தான். உதை எலும்பில் பட்டால் அவன் பாடு.

வம்சாவளி என்றதும் இன்னொன்று. இங்கிலாந்தில் உயர்சாதிக் குதிரைகளின் பிறப்புப் பதிவேடு 1791இலேயே அச்சில் வந்துவிட்டது. அப்பன் யார், பாட்டன் யார், கலப்பில்லாத ரத்தமா என்று. அந்தப் புத்தி வைத்திருந்தவன் இங்கே வந்து மனுவைப் பார்த்தபோது அவனுக்கு ஒன்றும் அதிர்ச்சியாக இருந்திருக்காது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, சாதிக்குச் சாதி மூக்கை அளந்தவர். அதே காலத்தில்தான் 'போர்க்குணம் உள்ள இனம்' என்று சொல்லி மகர்களைப் படையிலிருந்து வெளியே தள்ளினார்கள். குதிரைக்கும் மனுஷனுக்கும் ஒரே அளவுகோல். வெள்ளைக்காரன் நமக்கு நல்லவன் என்று கண்ணை மூடிக்கொண்டு பேசுகிற நம்ம தோழர்கள் சிலர் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் பஞ்சாபில் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்துகொண்டிருந்த காலம். பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 3 லட்சத்துக்கு மேல் குதிரைகள் அந்தப் போரில் செத்தன. 1900-01இல் குதிரை, கோவேறு கழுதை வளர்ப்புக்கென்று ஓர் ஆணையம் போட்டார்கள். அப்போது ஜீலம் ஆற்றிலிருந்து கீழ் ஜீலம் கால்வாய் வெட்டித் தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது. பொட்டல் காடாகக் கிடந்த சர்கோதா பக்கத்து நிலம் பாசன நிலமானது. அந்த நிலத்தைப் படைக்குக் குதிரை தருகிறவனுக்குக் கொடு என்று முடிவு செய்தார்கள். 'கோரிபால்' என்று அந்த மானியத்துக்குப் பெயர். கோரி என்றால் பெட்டைக் குதிரை. முரப்பா என்கிற சதுரக் கணக்கில் நிலம். ஒரு சதுரம் 25 ஏக்கருக்குக் குறையாது. நிலம் வாங்கியவன் படை அதிகாரி ஒப்புக்கொள்கிற பெட்டை ஒன்றை வைத்திருக்க வேண்டும். அரசாங்கப் பொலிகுதிரையோடு சேர்க்க வேண்டும். குட்டியைப் படைக்குத்தான் முதலில் காட்ட வேண்டும். பெரிய கைகளுக்கு இன்னும் பெரிய மானியம். பின்னால் கீழ் பாரி தோவாப் கால்வாயில் ரெனாலாவில் ஒரு வெள்ளைக்கார மேஜருக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் போனது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது நிலத்தின் அளவை இல்லை, நிபந்தனையை. அந்த நிபந்தனை காகிதத்தில் தூங்கவில்லை. அதிகாரி வந்து பெட்டையைப் பார்ப்பான், பதிவேட்டில் எழுதுவான். பெட்டை செத்தால் வேறு பெட்டை வாங்கி நிறுத்த வேண்டும். தவறினால் நிலமே கையை விட்டுப் போகும். நிலம் துண்டு துண்டானால் குதிரைக்குத் தீனி பத்தாது என்பதற்காக, மூத்த மகனுக்கு மட்டும்தான் வாரிசுரிமை என்று, அந்த மண்ணின் வழக்கத்தையே உடைத்துச் சட்டம் போட்டார்கள். 'சுதேசிகளின் வழக்கத்தில் நாங்கள் தலையிடுவதில்லை' என்று தீண்டாமை பற்றிக் கேட்டபோதெல்லாம் சொன்ன அதே அரசாங்கம்தான் இது! குதிரைக்குத் தீனி என்று வந்ததும் வழக்கமாவது ஒன்றாவது.

இந்த நிலத்தில் சூராவுக்கும் சமாருக்கும் என்ன கிடைத்தது? 'விவசாயச் சாதி' என்று பட்டியல் போட்டு, அதற்கு வெளியே உள்ளவன் அந்தச் சாதிகளின் நிலத்தை விலைக்குக் கூட வாங்க முடியாது என்று 1900இல் நில மாற்றச் சட்டம் வந்தது. லேவாதேவிக்காரனிடமிருந்து குடியானவனைக் காப்பாற்ற என்றார்கள். மாட்டிக்கொண்டது லேவாதேவிக்காரன் மட்டுமா? பரம்பரை பரம்பரையாக அந்த மண்ணில் உழுது அறுத்தவன் 'விவசாயச் சாதி' இல்லையாம். கால்வாய்ப் பகுதியில் வரைபடம் போட்டு நேர்கோட்டில் கட்டிய புது ஊர்களில் கூட, சேவகம் செய்கிற கமீன்களுக்கென்று தனி இடம் ஒதுக்கித்தான் கட்டினார்கள். பயனியர் படையில் இருந்த மஜபி சீக்கியருக்குக் கொஞ்சம் நிலம் கிடைத்தது உண்மை. அது கூட அவன் கையில் துப்பாக்கி இருந்ததால் கிடைத்தது. வெறும் கையோடு இருந்தவனுக்கு எதுவுமில்லை. 1926இல் மங்கு ராம் ஆத் தர்ம இயக்கத்தைத் தொடங்கியபோது இந்தச் சட்டத்தை எதிர்த்ததும் நிலம் கேட்டதும் அதனால்தான்.

குதிரைக்குச் சேணம் எவன் தோலை எவன் பதனிட்டுச் செய்தது என்று கேட்டால் கான்பூர்ச் சேணத் தொழிற்சாலைக்கும் அங்கே உழைத்த சமார்களுக்கும் போக வேண்டும். அது தனியாக எழுத வேண்டிய கதை.

1907இல் பஞ்சாபில் பெரிய கிளர்ச்சி நடந்தது. கால்வாய் நிலத்துக்கு நிபந்தனைகளை இறுக்கும் மசோதாவை எதிர்த்து, அஜித் சிங்கும் லாலா லஜபதி ராயும் கூட்டங்களில் பேசினார்கள். இருவரையும் மாந்தலேவுக்கு நாடு கடத்தினார்கள். கடைசியில் வைஸ்ராய் மின்டோ அந்த மசோதாவுக்கு ஒப்புதல் தரவில்லை. அந்தப் போராட்டத்தை நான் கொச்சைப்படுத்தவில்லை. தேசிய வரலாறு அதைக் கொண்டாடுகிற விதம்தான் எனக்கு உறுத்துகிறது. நிலம் கிடைத்தவன் நிபந்தனை பிடிக்கவில்லை என்றான், வைஸ்ராய் வரைக்கும் இறங்கி வந்தார். நிலமே கிடைக்காதவன் அந்தப் புத்தகங்களில் எந்தப் பக்கத்தில் இருக்கிறான்? தேடித் தேடிப் பார்த்தேன். சேர்க்கைக்கு வந்த பொலிகுதிரையின் சாதி இருக்கிறது, உயரம் இருக்கிறது.

தெற்கே வருவோம். இங்கே சென்னை மாகாணத்துப் படைகளிலும் துரைமார் பங்களாக்களிலும் குதிரைக்காரன் என்றால் பெரும்பாலும் நம்ம சேரி ஆள். தீட்டுப் பார்க்கிறவன் துரை வீட்டு லாயத்துக்கு வரமாட்டான், நம்மவன் போனான். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரன், ஒரு புல்லறுக்கிற ஆள். வடக்கே புல்லறுப்பது ஆண், தெற்கே அந்தக் குதிரைக்காரன் பெண்டாட்டி என்று வெள்ளைக்காரனே தன் அகராதியில் எழுதி வைத்திருக்கிறான். எங்கள் பாட்டியின் அம்மா அப்படிப் புல்லறுத்தவள்தான். பரங்கிமலைப் பக்கம். "குதிரை தின்னது போக மிச்சம் இருந்தா கூட நம்ம மாட்டுக்குப் போட விடமாட்டான்" என்று அவள் சொன்னதாகப் பாட்டி சொல்லும். புல்லு மண் இல்லாமல் வேரோடு செதுக்கி, அலசிக் கொண்டுவர வேண்டும். மழைக்காலத்தில் விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிவிடும். அவளுக்குக் கடைசி வரைக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது.

ஆனால் இங்கேயும் நிலம் கொடுக்கிற பேச்சு வந்தது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். மிராசுதாரர்கள் எப்படி நிலத்தையும் குடியிருக்கும் மனையையும் மறித்து வைத்திருக்கிறார்கள் என்று பச்சையாக எழுதினார். 1892 செப்டம்பரில் அரசாணை வந்தது. அதிலிருந்து பஞ்சமி நிலம். 10 வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்குத்தான் விற்கலாம், மற்றவனுக்குப் போனால் செல்லாது என்று நிபந்தனை. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் கணக்குச் சொல்லி வருகின்றன.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தோழர்களே. ஏறக்குறைய ஒரே பத்தாண்டு. ஒரே அரசாங்கம். இரண்டும் நிபந்தனையோடு கொடுத்த நிலம். பஞ்சாபில் பெட்டைக் குதிரை உயிரோடு இருக்கிறதா என்று அதிகாரி வந்து வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்த்தான். இங்கே பஞ்சமி நிலத்தில் பஞ்சமன் இருக்கிறானா என்று எவன் வந்து பார்த்தான்? பத்து ரூபாய்க் கடனுக்கும் ஒரு மூட்டை நெல்லுக்கும் கைநாட்டு வாங்கினான் ஊர்க்காரன். கர்ணம் எழுதினான். சார்பதிவாளர் பதிவு செய்தான். 'செல்லாது' என்று அரசாணை சொல்வதை அரசாங்க ஊழியனே அரசாங்க முத்திரை குத்திச் செல்லுபடியாக்கினான். நிர்வாகத்துக்கு ஆள் பத்தவில்லை, கண்காணிக்க முடியவில்லை, பழைய ஆவணம் கிடைக்கவில்லை என்று இன்று வரை காரணம் சொல்கிறார்கள். ஒவ்வொரு குதிரையின் அடிவயிற்றையும் கண்காணிக்க முடிந்த நிர்வாகம் அய்யா அது! முடியாமல் இல்லை. படைக்குக் குதிரை வேண்டும், அதனால் கண்காணித்தான். ஊர்க்காரனுக்குக் கூலியாள் வேண்டும், அதனால் கண்ணை மூடிக்கொண்டான்.

வெள்ளைக்காரன் போனபின் வந்தவர்கள் கண்ணைத் திறந்தார்களா? 1994இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் இறங்கினார்கள். அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். திரமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே செங்கல்பட்டு. நிபந்தனையைக் காப்பாற்றச் சொன்னவன் மேல் குண்டு. மீறியவன் மேல் ஒரு நோட்டீஸ் கூட இல்லை.

குதிரைக்கு மட்டும் இந்த நாட்டில் நிலம் குறைந்ததே இல்லை. கிண்டியில் 160 ஏக்கர். 1945இல் 99 வருஷக் குத்தகை. வருஷ வாடகை 614 ரூபாய் சொச்சம். வருஷத்துக்குத்தான், மாசத்துக்கு இல்லை. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைக்கும் வரை ஏறக்குறைய 80 வருஷம் குதிரைகள் அங்கே ஓடின. சென்னைக்குள் கூவத்தோரம் குடிசை போட்ட நம் சனத்தைக் காலி செய்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அள்ளிக்கொண்டு போய்க் கொட்ட அரசுக்கு 99 வருஷம் தேவைப்படவில்லை.

குதிரை மேல் நாம் ஏறினால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். 2018இல் உத்தரப் பிரதேசம் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் ஒரு ஜாதவ் மாப்பிள்ளை தன் கல்யாண ஊர்வலத்தை ஊருக்குள் நடத்த மாதக்கணக்கில் அதிகாரிகளிடம் அலைந்து, நீதிமன்றம் வரை போய், நூற்றுக்கு மேற்பட்ட போலீஸ் காவலோடு போக வேண்டியிருந்தது. கடிவாளத்தைப் பிடி, மேலே ஏறாதே.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. சர்கோதாவுக்கு நாம் போக முடியாது. உங்கள் தாலுக்கா அலுவலகத்துக்குப் போக முடியும். பழைய நிலவரித் திட்டத்து அ-பதிவேட்டைக் கேளுங்கள். இல்லை என்பான், மாவட்ட ஆவண அறையில் கேளுங்கள். அங்கேயும் இல்லை என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். குறிப்புப் பத்தியில் டி.சி. என்று எழுதியிருக்கிற புல எண்களை ஒன்று விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அந்த நிலத்தில் யார் இருக்கிறான், எந்த வருஷம் எவன் பதிவு செய்து கொடுத்தான் என்பதை வில்லங்கச் சான்று எடுத்துப் பக்கத்தில் எழுதுங்கள். ஊர் வாரியாக எழுதி அனுப்புங்கள். எங்கள் ஊருக்கு நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். இதுவரை 11 புல எண் வந்திருக்கிறது. அதில் ஒன்று கல்யாண மண்டபம்.