தும்மினால் சிறுநீர் கசிகிறதா? சரிசெய்ய முடியும், எப்படி?

லாங் டிரிப் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்களா? மீட்டிங்கில் இருமல் வந்தால் பயமா? “புள்ள பெத்தா அப்படித்தான்” என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மை. கர்ப்பமும் பிரசவமும் இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தும். ஆனால், தளர்ந்த தசையைப் பலப்படுத்தலாம்.

எந்த வகை?

தும்மும்போது, எடை தூக்கும்போது கசிந்தால் அது அழுத்தக் கசிவு. திடீரென முட்டிக்கொண்டு வந்து, டாய்லெட் போவதற்குள் கசிந்தால் அவசரக் கசிவு. சிலருக்கு இரண்டும் இருக்கும்.

என்ன செய்வது?

அழுத்தக் கசிவுக்கு முதல் சிகிச்சை ஆபரேஷன் இல்லை, கீகல் பயிற்சிதான். வாயுவை அடக்குவதுபோல் தசையை இறுக்கித் தளர்த்துங்கள். ஒரு தடவைக்கு குறைந்தது 8 முறை, தினமும் 3 தடவை, குறைந்தது 3 மாதம் என்கிறது பிரிட்டனின் ‘நைஸ்’ வழிகாட்டுதல். சரியான தசையைத்தான் இறுக்குகிறீர்களா என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள்.

அவசரக் கசிவுக்கு, டாய்லெட் போகும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டும் பயிற்சி, குறைந்தது 6 வாரம். காபி, டீயைக் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். அடர்த்தியான சிறுநீர் பையை உறுத்தி, அவசரத்தைக் கூட்டும். எரிச்சலோ ரத்தமோ இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

யார் கேட்பது?

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) இந்தியாவில் 88.6% பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. “கசிவு இருக்கா?” என்று கேட்க அதைவிட நல்ல இடம் இல்லை. அவர்கள் கேட்கவில்லையா? நீங்களே சொல்லிவிடுங்கள்.