இரண்டு சாம்பல் நிறங்கள்

வீட்டின் உட்சுவருக்கு வண்ணம் தெரிந்தெடுப்பது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆயினும் அச்சிறிய காரியத்தினிமித்தம் ஒரே கூரையின்கீழ் வாழும் இருவர் நாட்கணக்காய் முகங்கொடுத்துப் பேசாதிருப்பதுண்டு.

அமெரிக்காவின் ஷெர்வின்-வில்லியம்ஸ் நிறுவனம் விற்கும் இரு சாம்பல் நிறங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ‘அக்ரீயபிள் கிரே’, எண் 7029. மற்றொன்று ‘ரிப்போஸ் கிரே’, எண் 7015. சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பியனுப்பும் என்பதைக் காட்டும் 0 முதல் 100 வரையிலான அளவில் முன்னது 60, பின்னது 58. வேறுபாடு இரண்டே புள்ளிகள். அப்படியானால் எதைப் பூசினாலும் ஒன்றுதானே என்பீர்களோ?

ஒன்றல்ல. அந்த எண் வெளிச்சத்தின் அளவைச் சொல்லுமேயன்றி, நிறத்தின் உட்சாயலைச் சொல்லாது. அக்ரீயபிள் கிரேயில் இளம்பழுப்பின் கதகதப்பு கலந்துள்ளது. ரிப்போஸ் கிரே சற்றுக் குளிர்ந்தது. சில வெளிச்சங்களில் மெல்லிய ஊதாச் சாயலும் காட்டும்.

அந்நாட்டில் வடக்கு நோக்கிய சன்னலுள்ள அறைக்குள் நேர்வெயில் அரிது. நீலம் கலந்த வானொளியே வரும். அங்கே ரிப்போஸ் கிரே இன்னும் குளிர்ந்து தோன்றும். தெற்கு வெயில் நிறையும் அறையிலோ அக்ரீயபிள் கிரே பழுப்பாகவே தெரியக்கூடும். இரவில் 2700 கெல்வின் விளக்கின் மஞ்சளொளியில் இரண்டுமே கதகதப்பாகிவிடும். ஆதலால் வடக்கு அறைக்கு முன்னதும், தெற்கு அறைக்குப் பின்னதும் ஏற்றவை என்பது என் கருத்து.

எனினும் என் சொல்லை நம்பியோ, கடையின் விளக்கொளியில் ஒரு சிறு அட்டையைப் பார்த்தோ தீர்மானித்துவிடாதிருங்கள். பெரிய அட்டைகளில் இருமுறை பூசி, சுவரில் சாய்த்து வையுங்கள். காலை, நண்பகல், மாலை, விளக்கேற்றிய பின் என நான்கு வேளையும் பாருங்கள்.

காலையில் பார்த்தவர் நீலம் என்பார். இரவில் பார்த்தவர் பழுப்பு என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கண்டதையே சொல்லுகிறார்கள். அவ்வேளையில், “உனக்குக் கண் தெரியவில்லையா?” என்று கடிந்துகொள்ளாமல், “நீ எந்த வேளையில் பார்த்தாய்?” என்று கேட்பது எத்தனை நலம்! பூசிய வண்ணம் பிடிக்காவிட்டால் அதன்மேல் வேறொன்று பூசலாம். நெஞ்சைத் தைத்த சொல்லை அவ்வாறு மறைக்க இயலாது.

ஆகையால் பிரியமானவர்களே, வண்ணம் வாங்கப் புறப்படுமுன் ஒருவர் பார்த்த வேளையில் மற்றவரும் வந்து, அதே சுவரண்டை நின்று பாருங்கள்.