வயிற்றுக்குள் ஒரு கொசுவலை

எங்கள் வீட்டில் கொசுவலை கிடையாது. கொடைக்கானலில், 7,000 அடி உயரத்துக் குளிரில் அதற்கு அவ்வளவாக வேலையில்லை. ஆனால் போன மாதம் முதல் என்னிடம் ஒன்று இருக்கிறது. கட்டிலுக்கு மேலே அல்ல, வயிற்றுக்குள்!

ஹெர்னியா ஆபரேஷன். சுத்தத் தமிழில் குடலிறக்கம். அடிவயிற்றுச் சதை ஓரிடத்தில் பலவீனமாகி, உள்ளே சும்மா கிடக்கவேண்டிய குடல் 'வெளியே என்னதான் நடக்குது?' என்று எட்டிப் பார்க்கும் சமாசாரம். நின்றால், இருமினால் எலுமிச்சம்பழம் மாதிரி புடைக்கும். படுத்தால் உள்ளே போய்விடும்.

பதினோரு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை நான். இடம் அப்படி! "தொடை இடுக்கில் வீக்கம், ஆகவே ஒருநாள் விடுப்பு..." என்று எப்படி எழுதுவது? சட்டையை வெளியே விட்டுக்கொண்டு சமாளித்தேன். "என்னங்க, புது ஸ்டைலா?" என்றாள் மனைவி. ஆமாம் என்று சிரித்து வைத்தேன்.

காட்டிக் கொடுத்தது காஸ் சிலிண்டர். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு 22 படி. பத்தாவது படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. எலுமிச்சம்பழம் அன்றைக்கு உள்ளே போக இரண்டு மணி நேரம் பிடித்தது.

மதுரையில் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "போகாம அங்கேயே மாட்டியிருந்தா குடலுக்கு ரத்த ஓட்டம் நின்னு அழுகியிருக்கும் சார். ராத்திரியில மலையிலேர்ந்து உங்களை இறக்கிக் கொண்டு வர்றதுக்குள்ள..." அத்தோடு நிறுத்திக்கொண்டார். மனைவி என்னைப் பார்த்தாள். பதினோரு மாதக் கணக்கும் அந்தப் பார்வையில் இருந்தது.

"பலவீனமான இடத்துல வலை வெச்சுத் தைச்சிடுவோம்" என்றார் டாக்டர்.

"கொசுவலை மாதிரியா டாக்டர்?"

"மாதிரி என்ன, கொசுவலையேதான் வெச்சிருக்காங்க!"

நிஜம்தான். மகாராஷ்டிரத்தில் டோங்காவ்கர் என்ற டாக்டர், ஏழை நோயாளிகளுக்குக் கொசுவலைத் துணியையே கிருமி நீக்கி வைத்துத் தைத்தவர். 2016-ல் வெளியான உகாண்டா ஆய்வும், விலை உயர்ந்த வலைக்கு இது சளைத்ததல்ல என்றது. எனக்கு வைத்தது கம்பெனி வலை. பில்லைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மலை ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டேன். இருமினாலும், தும்மினாலும், முக்கியமாகச் சிரித்தாலும் தலையணைதான் துணை.

"இன்னிக்கே நடங்க. ஆறு வாரம் மட்டும் கனம் தூக்காதீங்க" என்பது டாக்டர் கட்டளை. "கட்டிலை விட்டு எறங்குனே, பாத்துக்க!" என்பது அம்மா கட்டளை. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம் என்று சொல்லி ஒருவழியாக ஜாமீன் வாங்கினேன்.

எங்கே நடப்பது? மதுரைப் பக்கத்துக் காய்ச்சலுக்குத் தப்பி அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-ல் இங்கே பங்களா கட்டினார்கள். கொசுவின் வயிற்றில் ரொனால்ட் ராஸ் மலேரியாக் கிருமியைக் கண்டதே 1897-ல்தான். கொசுவென்று தெரியாமலே கொசுவுக்கு ஓடி வந்த புண்ணியவான்கள்! உடம்பு தேறுவதற்கென்றே பிறந்த ஊர். ஆனால் எந்தத் தெருவில் இறங்கினாலும் ஒன்று ஏற்றம், இல்லை இறக்கம். ஏற்கெனவே ஓர் இறக்கத்தைச் சரிசெய்துகொண்டு வந்தவன் நான். கடைசியில் கை கொடுத்தது 1872-ல் போட்ட கோக்கர்ஸ் வாக்.

இரண்டாவது வாரம் சிலிண்டர் வந்தது. 22 படியும் மனைவியே தூக்கி ஏறினாள். ஜன்னலில் தலையணையோடு நின்றேன். மேலே வந்து மூச்சு வாங்கியவள், "இனிமே எது வீங்கினாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க" என்றாள். சிரிக்கவில்லை. எனக்கும் தலையணை தேவைப்படவில்லை.

ஆபீஸ் திரும்பியதும் வெட்கத்தை விட்டு எல்லாரிடமும் விவரமாகச் சொன்னேன். மத்தியானம் பக்கத்து சீட்காரர் என்னை மாடிப்படி ஓரமாக ஒதுக்கி, குரலைத் தாழ்த்தி, "சார்... அந்த டாக்டர் அட்ரஸ் கிடைக்குமா? எங்க மச்சானுக்கு" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். அப்புறம்தான் கவனித்தேன். எப்போதும் டக்-இன் செய்து வருகிறவர், சட்டையை வெளியே விட்டிருந்தார்.