ஆற்றுநீரும் அண்டை நாடுகளும்

கோல சிலாங்கூர் வட்டாரத்திலுள்ள கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகளுக்குப் பெயர் பெற்ற ஊராகும். இருட்டியதும் சிலாங்கூர் ஆற்றங்கரையிலுள்ள பெரெம்பாங் மரங்களில் அவை கூட்டமாக அமர்ந்து ஒரே சீராக ஒளிர்கின்றன. ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கும் இடத்தில் வளர்பவை இம்மரங்கள். மின்மினியின் புழுக்களோ ஈரமான கரையிலுள்ள நத்தைகளை உண்டு வளர்கின்றன. ஆகவே, மேற்பகுதியிலிருந்து வரும் நீர் குறைந்தாலும் மாசடைந்தாலும் அதன் பாதிப்பு இங்கு வந்து சேரும். முடிவெடுப்பவர் ஓரிடத்தில் இருக்க, விளைவைச் சுமப்பவர் வேறோரிடத்தில் இருக்கிறார். ஆற்று நிருவாகத்தின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

சிலாங்கூர் ஆறு முழுவதும் ஒரே மாநிலத்தில் ஓடுகிறது. மாநிலத்தின் நீர்வளத்தைக் கண்காணிக்க 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சிலாங்கூர் நீர் நிருவாக வாரியம் அமைக்கப்பட்டது. அப்படியிருந்தும், 2020 செப்டம்பரில் ரவாங் பகுதியில் கலந்த கழிவால் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பயனீட்டாளர் கணக்குகளுக்கு நீர் விநியோகம் தடைபட்டது. ஓர் அரசின்கீழுள்ள ஆற்றுக்கே இந்நிலை என்றால், பல அரசுகள் பகிர்ந்துகொள்ளும் ஆற்றின் நிலை என்ன?

வடக்கே பெர்ணம் ஆறு சிலாங்கூருக்கும் பேராக்கிற்கும் எல்லையாக ஓடுகிறது. தஞ்சோங் காராங் வட்டார நெல்வயல்கள் அதன் நீரை நம்பியுள்ளன. ஒரே மாநிலத்துக்குள் அடங்காத ஆறுகள், மாநிலங்களிடையே உடன்பாடு இல்லையெனில், மத்திய அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டவை என மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை கூறுகிறது. மாநிலங்கள் முரண்பட்டால் தலையிட மேலே ஓர் அரசு உண்டு. நாடுகளுக்கு மேலே அத்தகைய அரசு இல்லை. ஒப்பந்தமே அவற்றுக்குத் துணை.

மீக்கோங் ஆறு இதற்குத் தக்க சான்று. அது ஆறு நாடுகளின் வழியாக ஓடுகிறது. 1995இல் லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்னாம் ஆகிய நான்கும் ஒப்பந்தம் செய்து மீக்கோங் ஆற்று ஆணையத்தை அமைத்தன. மேற்பகுதியிலுள்ள சீனாவும் மியன்மாரும் அதில் உறுப்பியம் பெறவில்லை. முதன்மை ஆற்றில் அணை கட்டுமுன் உறுப்பு நாடுகள் மற்றவற்றைக் கலந்தாலோசிக்க வேண்டும். ஆனால், தடுத்து நிறுத்தும் உரிமை எவருக்கும் இல்லை. கம்போடியாவும் வியட்னாமும் கவலை தெரிவித்தபோதும் லாவோஸ் கட்டிய சயாபுரி அணை 2019இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது.

தன் எல்லைக்குள் ஓடும் நீரைப் பயன்படுத்தி மின்சாரம் பெறுவது தன் உரிமை என மேற்பகுதி நாடு வாதிடலாம். அவ்வுரிமையை மறுப்பதற்கில்லை. எனினும், அண்டை நாட்டு மீனவரின் வலையையும் உழவரின் வயலையும் வெறுமையாக்கும் உரிமை அதில் அடங்காது. நியாயமான பயன்பாடு, பிறருக்குப் பெருந்தீங்கு விளைவிக்காமை ஆகிய இரண்டையும் 1997இல் ஏற்கப்பட்ட ஐக்கிய நாட்டு உடன்படிக்கை வலியுறுத்துகிறது.

இக்கொள்கைகள் தாளோடு நின்றுவிடக் கூடாது. முதலாவதாக, அணை திறப்பு, வெள்ளம், மாசு பற்றிய தகவல்கள் உடனுக்குடன் பகிரப்பட வேண்டும். இரண்டாவதாக, வறட்சிக் காலத்திலும் கீழ்ப்பகுதிக்குக் குறைந்தபட்ச நீர் விடப்பட வேண்டும். மூன்றாவதாக, திட்டம் முடிவாகுமுன் கரையோர மக்களின் குரல் கேட்கப்பட வேண்டும். கட்டி முடித்த அணையைப் பற்றிக் கருத்துக் கேட்பதால் பயனில்லை. மேற்பகுதியில் உள்ளவர் அணையின் கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும், கீழே வாழ்பவரையும் நினைத்துச் செயல்படுவதே நல்ல ஆற்று நிருவாகமாகும்.