பழைய கிளையை எப்போது மூடலாம்? ஜிடிகே கருவித்தொகுப்பின் பராமரிப்பு குறித்த நிலைப்பாடு

கணினித் திரையில் தெரியும் பொத்தானையும் மெனுவையும் உருள்பட்டையையும் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியையும் ஒவ்வொரு நிரலாளரும் தாமே வரைந்துகொண்டிருப்பதில்லை. அவை ஒரு நிரலகத்தில் ஆயத்தமாக இருக்கின்றன. செயலி அவற்றை அழைத்துக்கொள்கிறது. இந்த நிரலகத்துக்கு வரைகலை இடைமுகக் கருவித்தொகுப்பு என்று பெயர். லினக்ஸ் மேசைக்கணினிகளில் அதிகம் புழங்கும் கட்டற்ற கருவித்தொகுப்புகள் க்யூட்டும் ஜிடிகேயும். இந்த அறிக்கை ஜிடிகேயை எடுத்துக்கொள்கிறது. புதிய பெரும்பதிப்பு ஒன்று வந்ததும் பழைய பதிப்பை என்ன செய்வது, அதை யார், எவ்வளவு காலம் பராமரிப்பது என்பதே கேள்வி. இந்த அறிக்கையை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு இது: கருவித்தொகுப்பு மாறித்தான் ஆக வேண்டும்; ஆனால் பழைய கிளையை, அதாவது பழைய பெரும்பதிப்புக்குத் திருத்தங்கள் வெளிவரும் வரிசையை, மூடும் நாளைப் புதிய பதிப்பு வெளிவரும் நாள் தீர்மானிக்கக் கூடாது. பழைய கிளையை நம்பியிருக்கும் முக்கியச் செயலிகள் மாறி முடித்தனவா என்பதே தீர்மானிக்க வேண்டும். அதுவரை ஆகும் பராமரிப்புச் செலவை அந்தக் கிளையால் பயனடைவோர் ஏற்க வேண்டும்.

ஜிடிகே பிறந்ததே, பிறருடைய கருவித்தொகுப்பை நம்பியிருந்த ஒரு செயலிக்கு நேர்ந்த நெருக்கடியால்தான். 1995-இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் கிம்ப் என்னும் படத்தொகுப்புச் செயலியை எழுதத் தொடங்கினர். அதன் தொடக்க வெளியீடுகள் மோட்டிஃப் கருவித்தொகுப்பின் மேல் கட்டப்பட்டவை. மோட்டிஃப் அன்று தனியுரிம மென்பொருள். அது இல்லாதவர் கிம்ப்பின் மூலநிரலைக் கையில் வைத்திருந்தும் அதைத் தொகுத்து ஓட்ட முடியாது. ஆகவே இருவரும் தமக்கென ஒரு கருவித்தொகுப்பை எழுதினர். எல்ஜிபிஎல் என்னும் கட்டற்ற உரிமத்தில் வந்த அதை, 1997 ஆகஸ்டில் தொடங்கிய க்னோம் மேசைச்சூழல் திட்டம் தன் அடித்தளமாக எடுத்துக்கொண்டது. கேடிஈ மேசைச்சூழல் பயன்படுத்திவந்த க்யூட் அப்போது கட்டற்ற உரிமத்தில் இல்லாதது அதற்கு முக்கியக் காரணம். ஒரே ஒரு செயலிக்காக எழுதப்பட்டது, சில ஆண்டுகளிலேயே எண்ணற்ற செயலிகளின் பொதுச்சொத்தாகிவிட்டது.

முதல் பெரும்பதிப்பு 1998 ஏப்ரலில் வந்தது. 2.0 பதிப்பு 2002 மார்ச்சிலும், 3.0 பதிப்பு 2011 பிப்ரவரியிலும், 4.0 பதிப்பு 2020 டிசம்பரிலும் வெளியாயின. ஒரு பெரும்பதிப்புக்குள் இருக்கும்வரை பழைய அழைப்புகளை நீக்குவதில்லை. பெரும்பதிப்பு மாறும்போதுதான் நீக்குவார்கள். ஒரே கணினியில் இரண்டு பெரும்பதிப்புகளை அருகருகே நிறுவிக்கொள்ளவும் முடியும். இந்த இரண்டு ஏற்பாடுகளும் நல்லவை. சிக்கல் வருவது, பழைய பதிப்பு நிறுவக் கிடைத்தும் அதைக் கவனிக்க ஆள் இல்லாமல் போகும்போது.

மாற்றம் தேவையில்லை என்று சொல்வோரின் கட்சியில் அமைப்பு இல்லை. ஜிடிகே 2 எழுதப்பட்ட காலத்தில் திரை என்றால் எக்ஸ் சாளர முறைதான். அந்த முறையில் ஒரு செயலி, பக்கத்துச் செயலியில் தட்டப்படும் விசைகளைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கடவுச்சொல்லும் அதில் அடக்கம். இந்தக் குறையும் வேறு பல பழம்பாரங்களும் இல்லாத வேலாண்ட் நெறிமுறையின் பணி 2008-இல் தொடங்கியது. ஜிடிகே 2-க்கு வேலாண்ட் தெரியாது. புள்ளி அடர்த்தி மிகுந்த திரைகளையும் தெரியாது. அத்தகைய மடிக்கணினியில் அதன் பொத்தான்கள் கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டிய அளவுக்குச் சிறுத்துவிடும். ஜிடிகே 4 வரைவு வேலையை வரைகலைச் செயலகத்திடம் ஒப்படைக்கிறது. இவற்றையெல்லாம் பழைய கட்டமைப்பில் ஒட்டுப்போட்டுக் கொண்டுவர முடியாது. உடைத்துக் கட்டியது சரியான முடிவே.

ஆனால் உடைப்பின் விலை யார் தலையில் விழுகிறது என்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். 'இந்தக் கோப்பை அழித்துவிடலாமா?' என்று கேட்கும் சிறு பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஜிடிகே 2, 3 இரண்டிலும் 'டயலாக் ரன்' என்ற செயற்கூற்றை ஒரே வரியில் அழைத்தால் போதும். பயனர் பதில் சொல்லும்வரை நிரல் அந்த வரியிலேயே காத்திருக்கும். பதில் வந்ததும் அடுத்த வரி ஓடும். ஜிடிகே 4-இல் அந்தச் செயற்கூறு இல்லை. பெட்டியைக் காட்டிவிட்டு நிரல் நகர்ந்துவிட வேண்டும். பதில் வரும்போது அழைக்கப்பட வேண்டிய இன்னொரு செயற்கூற்றைத் தனியாக எழுதிவைக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் பயனர் சாளரத்தையே மூடிவிட்டால் என்ன ஆவது, அதே பொத்தானை மறுபடி அழுத்தினால் என்ன ஆவது என்பதையும் இப்போது நிரலாளர் யோசித்தாக வேண்டும். புதிய முறை தொழில்நுட்ப அளவில் மேலானது. ஆனால் ஒரே வரி இரண்டு செயற்கூறுகளாகப் பிளந்துவிட்டது. பெரிய செயலியில் இப்படிப்பட்ட இடங்கள் பரவிக் கிடக்கும்.

பட்டியல்களின் கதை இதைவிடக் கடினம். 2002-இல் ஜிடிகே 2-உடன் வந்த 'ட்ரீ வியூ', வரிசையும் நெடுவரிசையுமாகத் தகவலைக் காட்டும் விட்ஜெட் (பொத்தான், பட்டியல் போன்ற திரைக்கூறு). அதன் கட்டங்கள் உண்மையான விட்ஜெட்கள் அல்ல, வெறுமனே வரையப்பட்டவை. அதனால் ஒரு கட்டத்துக்குள் பொத்தான் வைப்பதோ, பார்வையற்றோரின் திரைவாசிப்பானுக்கு அதை ஒழுங்காக விவரிப்பதோ சிரமம். ஜிடிகே 4 இதற்கு மாற்றாக வேறொரு பட்டியல் முறையைக் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு வரியின் தகவலும் தனிப்பொருளாக இருக்க வேண்டும். வரிக்கான விட்ஜெட்டை உருவாக்குவது ஒரு படி, தகவலை அதில் இணைப்பது அடுத்த படி. திரையில் தெரியும் வரிகளுக்கு மட்டுமே விட்ஜெட்கள் உருவாகி, உருட்டும்போது அவையே மறுபடி பயன்படுகின்றன. லட்சம் வரிகளுள்ள பட்டியலுக்கு இது அருமையான ஏற்பாடு. இருபது வரிப் பட்டியலை வைத்திருக்கும் சிறு செயலிக்கோ, இத்தனை மாற்றத்துக்குப் பிறகும் பயனர் கண்ணுக்குப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

விளைவு செயலிகளின் வரலாற்றில் தெரிகிறது. இங்க்ஸ்கேப் ஜிடிகே 3-க்கு மாறியது 2020 மே மாதம் வந்த 1.0 பதிப்பில். எக்ஸ்எஃப்சிஈ மேசைச்சூழல் 2015-இல் வந்த 4.12-க்கு அடுத்த பதிப்பை 2019 ஆகஸ்டில்தான் தர முடிந்தது. இடைப்பட்ட காலத்தின் பெரும்பணி இந்த மாற்றமே. ஜிடிகே யாருக்காகப் பிறந்ததோ அந்த கிம்ப், ஜிடிகே 3-இல் இயங்கும் 3.0 பதிப்பை 2025 மார்ச்சில் வெளியிட்டது. ஜிடிகே 2-இன் ஆயுள் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது 2020 டிசம்பரில். அதாவது தாய்ச்செயலியின் நிலையான பதிப்பு, பராமரிப்பு நின்றுபோன கருவித்தொகுப்பின் மேல் நான்கு ஆண்டுகளுக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. வேறு சில செயலிகள் இந்தப் பாதையையே விட்டுவிட்டன. பிணையப் போக்குவரத்தை ஆராயும் வயர்ஷார்க் 2015-இல் க்யூட்டை முதன்மை இடைமுகமாக்கி, பின்னர் ஜிடிகே இடைமுகத்தை நீக்கியே விட்டது. ஒலித்தொகுப்புச் செயலியான ஆர்டோர் ஜிடிகே 2-இன் நிரலையே தன் மூலநிரலுக்குள் எடுத்து வைத்துக்கொண்டது. எல்ஜிபிஎல் உரிமம் அந்த உரிமையைத் தருகிறது. அதில் குறைசொல்ல எதுவுமில்லை. ஆயினும் ஒவ்வொரு செயலியும் இதையே செய்யத் தொடங்கினால் பொதுக் கருவித்தொகுப்பு என்ற ஒன்றே இல்லாமல் போகும்.

பழைய கிளையைப் பராமரிப்பது என்றால் அதில் புதிய வசதிகளைச் சேர்ப்பது என்று அமைப்பு பொருள்கொள்ளவில்லை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது, தகவல் இழப்பை உண்டாக்கும் வழுக்களைத் திருத்துவது, புதிய தொகுப்பிகளில் நிரல் தொகுபட வைப்பது ஆகிய மூன்றே போதும். மூன்றாவதைப் பலர் குறைத்து மதிக்கிறார்கள். 2024-இல் வந்த ஜிசிசி தொகுப்பியின் 14-ஆம் பதிப்பு, அதுவரை எச்சரிக்கையாக மட்டும் விட்டுவைத்திருந்த சில பழைய சி மொழிப் பழக்கங்களைப் பிழையென்றே நிராகரித்தது. நேற்றுவரை தொகுபட்ட பழைய நிரல்கள் பல அன்று நின்றுபோயின. ஒரு நிரலகத்தை உருவாக்கும் மூலத்திட்டம் உயிரோடிருந்தால் இத்தகைய திருத்தம் ஓரிடத்தில் நடந்து எல்லோருக்கும் போய்ச்சேரும். அது மூடப்பட்டிருந்தால் லினக்ஸ் வழங்கல்களான டெபியனும் ஃபெடோராவும் ஆர்ச்சும் தத்தம் களஞ்சியத்தில் தனித்தனியே ஒட்டுப்போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கட்டற்ற மென்பொருள் உலகில் ஆள்பலம் குறைவாக இருக்கும் நிலையில், ஒரே வேலையைப் பலமுறை செய்வது பெரிய விரயம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் வலுவானது: ஜிடிகேயை முழுநேரமாகக் கவனிப்போர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களிடம் பழைய கிளையையும் சுமக்கச் சொல்வது அநியாயம். அமைப்பு இதை ஏற்கிறது. மையப் பராமரிப்பாளர்கள் இதுவரை செய்துவந்திருக்கும் பணிக்குக் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தும் எவரும் கடன்பட்டவர்களே. ஜிடிகே 3-இன் காலத்திலும் அவர்கள் ஜிடிகே 2-க்கு ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திருத்தங்களை வெளியிட்டுவந்தனர். கடைசி வெளியீடான 2.24.33 வந்ததும் 2020 டிசம்பரில்தான். ஆகவே கோரிக்கை அவர்களை நோக்கியதன்று. ஒரு கிளையை மூட எண்ணும்போது, அதை ஏற்றுப் பராமரிக்க முன்வருவோருக்கு அதிகாரபூர்வக் களஞ்சியத்திலேயே எழுதும் உரிமையும் வெளியீட்டு உரிமையும் தரப்பட வேண்டும் என்பது மட்டுமே அவர்களிடம் கேட்பது. நீண்டகால ஆதரவை விலைக்கு விற்கும் லினக்ஸ் நிறுவனங்களும், பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கட்டற்ற மேசைக்கணினிகளை நிறுவும் அரசுத்துறைகளும் அந்த வேலைக்குச் சம்பளம் தர வேண்டும். இது நடக்காத கற்பனை அல்ல. 2023-இல் ஜெர்மனியின் சாவ்ரின் டெக் ஃபண்ட், அணுகல்தன்மை முதலிய பணிகளுக்காக க்னோம் திட்டத்துக்கு 10 லட்சம் யூரோ வழங்கியது. பொதுப்பணம் புதிய வசதிகளுக்கு மட்டும் போகாமல் பராமரிப்புக்கும் போக வேண்டும்.

மாற்றத்தை அறிவிக்கும் முறை அண்மையில் தேறியிருப்பதைக் குறிப்பிடுவது நியாயம். 2016-இல் வந்த 3.20 பதிப்பு, விட்ஜெட்களின் தோற்றத்தைச் சொல்லும் முறையை ஒரே பெரும்பதிப்புக்குள்ளேயே மாற்றியது. வெளியார் உருவாக்கிய தோற்றக் கருக்கள் பல உடைந்தன. அந்த அணுகுமுறை திரும்பக் கூடாது. மாறாக 2023 மார்ச்சில் வந்த 4.10 பதிப்பு, ட்ரீ வியூவையும் பழைய உரையாடல் பெட்டிகளையும் 'கைவிடப்படவுள்ளவை' என்று குறித்ததோடு, மாற்றுகளையும் கையில் கொடுத்தது. அவை ஜிடிகே 4 உள்ளவரை வேலை செய்யும், நீக்கம் அடுத்த பெரும்பதிப்பான ஐந்தில்தான். நிரலாளருக்குப் பல ஆண்டு அவகாசம். இதுவே விதியாக நிலைபெற வேண்டும்.

எழுத்தைக் காட்டுவதும் அணுகல்தன்மையும் தனியாகக் கவனிக்க வேண்டியவை. ஜிடிகேயில் எழுத்தை அடுக்கும் பொறுப்பு பாங்கோ நிரலகத்துடையது. எழுத்துருவின் விதிப்படி வடிவங்களைக் கோப்பது ஹார்ஃப்பஸ். 'மொழி' என்று தட்டச்சினால் கணினியின் நினைவில் மகரத்துக்குப் பின்னால்தான் ஒகரக்குறி இருக்கும். திரையில் அதன் கொம்பு மகரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். சுட்டி அந்த எழுத்தின் நடுவே போய் நிற்கக் கூடாது. பின்னழிப்பு விசையைத் தட்டினால் முழு எழுத்தும் போகுமா, உயிர்க்குறி மட்டும் போகுமா என்பதும் இந்த அடுக்கில் முடிவாகிறது. தமிழைத் தட்டச்சு செய்வோர் இவற்றை நாள் முழுதும் நம்பியிருக்கிறார்கள். 2019-இல் பாங்கோ 1.44 புள்ளிப்பட எழுத்துருக்களுக்கும் டைப் 1 எழுத்துருக்களுக்கும் ஆதரவை விட்டபோது, அவற்றைப் பயன்படுத்தியவர்கள் அதை அறிந்தது பெரும்பாலும் திரையில் எழுத்து மாறிப்போன பிறகே. கீழ்அடுக்கில் மாற்றம் செய்யும் முன், இலத்தீன் அல்லாத எழுத்துமுறைகளைக் கொண்டும் சோதிப்பது வெளியீட்டின் முன்நிபந்தனையாக வேண்டும்.

அணுகல்தன்மையில் நேர்ந்த இடைவெளி இன்னும் பெரியது. ஜிடிகே 4 பழைய ஏட்டிகே நிரலகத்தைக் கைவிட்டு, வலைப்பக்கங்களுக்கான ஏரியா விதிகளைத் தழுவிய புதிய முறைக்கு மாறியது. வடிவமைப்பு நல்லது. ஆனால் முனையம் போன்ற, ஜிடிகேக்கு வெளியே எழுதப்படும் விட்ஜெட்கள் தம் உரையைத் திரைவாசிப்பானுக்குத் தெரிவிக்கும் வழி 2024 மார்ச்சில் வந்த 4.14 பதிப்பில்தான் கிடைத்தது. 4.0-க்கும் 4.14-க்கும் இடைப்பட்ட மூன்றேகால் ஆண்டுகளில் ஜிடிகே 4-க்கு மாறிய ஒரு முனையச் செயலியைப் பார்வையற்ற நிரலாளர் பயன்படுத்த இயலவில்லை. பழைய பதிப்பில் இருந்த அணுகல் வசதி புதியதில் முழுதாக வரும்வரை அந்தப் புதிய பதிப்பை நிலையானது என்று அழைக்கக் கூடாது என்பது அமைப்பின் உறுதியான கருத்து.

அடுத்த சோதனை ஜிடிகே 5. எக்ஸ் முறைக்கான பின்தளம் 2025 மார்ச்சில் வந்த 4.18 பதிப்பில் 'கைவிடப்படவுள்ளது' என்று குறிக்கப்பட்டுவிட்டது. ஐந்தில் அது இருக்காது. ஐந்து வெளிவரும்போது ஜிடிகே 3-இன் ஆயுள் முடியும் என்பதும் உருவாக்குநர்களின் திட்டம். ஆனால் கிம்ப் 2025-இல்தான் மூன்றுக்கு வந்தது. எக்ஸ்எஃப்சிஈ, மேட்டே, சின்னமன் ஆகிய மேசைச்சூழல்கள் மூன்றில் நிற்கின்றன. ஃபயர்ஃபாக்ஸின் லினக்ஸ் பதிப்பும் அப்படியே. எக்ஸ்எஃப்சிஈ 2024 டிசம்பரில் வந்த 4.20-இல்தான் வேலாண்டைச் சோதனை அளவில் தொட்டிருக்கிறது. இந்நிலையில் மூன்றை மூடும் தேதியை ஐந்தின் வெளியீட்டோடு கட்டிவைப்பது, இரண்டில் நடந்ததை இன்னும் பெரிய அளவில் நடத்திக்காட்டுவதாகும். டெபியன் களஞ்சியத்தில் எந்தப் பொதி எந்த நிரலகத்தைச் சார்ந்திருக்கிறது என்பது பதிவாகியிருக்கிறது. ஜிடிகே 3-ஐச் சார்ந்த பொதிகளை யாரும் எண்ணிப் பார்க்கலாம். அந்தப் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிட்டு, மேற்சொன்ன மேசைச்சூழல்களும் கிம்ப்பும் தாம் மாறிவிட்டதாகவோ மாறப்போவதில்லை என்றோ அறிவித்த பிறகே மூடும் தேதியைக் குறிக்க வேண்டும். தேதி குறித்த பிறகு இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளுக்கான பராமரிப்பாளர் யார், அவருக்குச் சம்பளம் தருவது யார் என்பது அந்த அறிவிப்பிலேயே இடம்பெற வேண்டும்.